அந்த ஊரில் முளைக்காத கத்தரி விதை

தம்பி,

பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீ போனில் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். குக்கர் விசில் வருகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. பூசைக்குப் போய் வந்து, காலையில் செய்த இட்லியையே மத்தியானத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடியும் கூப்பிட்டாய். போன் அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. நாற்பத்தேழு வயதிலும் ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க எனக்குச் சமையலறைதான் கை கொடுக்கிறது. இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான். உன் அத்தை இந்த மாசக் கடைசியில் அங்கே வருகிறாள், அவளிடமே கொடுத்து அனுப்பலாம். ஆனால் உன் அப்பாவின் அக்காள் விமானம் ஏறுவதற்கு முன்பே பிரித்துப் படித்துவிடுவாள் என்பது உனக்கும் தெரியும். அதனால் தபாலில் போடுகிறேன்.

உன் முதல் கேள்வி தோட்டத்தைப் பற்றி. பாரிசில் ரயில் பாதையோரம் உன் அப்பா வாடகைக்கு வைத்திருந்த துண்டு நிலம். அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்காக அந்த ஊர் மெரி, அதாவது நகராட்சி, அளந்து கொடுக்கிற நாலு பாத்தியும் ஒரு பலகைக் கொட்டகையும். மகன் நீ வைத்துக்கொள்கிறாயா, வரிசையில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று மார்ச் முடிவதற்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றாய். "நீ முள்ளுக்கத்திரி வெத அனுப்புனா ஒரு வருசம் போட்டுப் பாக்கறேன்மா. அப்பா அதுக்குத்தான எடுத்தாரு. நீ அனுப்பலன்னா திருப்பிக் குடுத்துடறேன்" என்றாய். இங்கே மேட்டுப்பாளையத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அப்பா அடக்கத்துக்குப் போன இடத்திலேயே தங்கி, அப்பாவின் கட்டிலில் படுத்து, அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற பிள்ளை நீ. அந்த நிலத்தை வைத்துக்கொள்ள உனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்கை என்னிடம் கேட்டாய்.

இரண்டாவது கேள்வியை நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். கொட்டகையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது, அதில் நான் அனுப்பிய விதைக் கவர்கள் எட்டும் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் வருஷமும் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாய். முதல் கவரில் "மூன்று செடி, இரண்டு காய்." அடுத்ததில் "பத்து போட்டேன். வரவில்லை. மார்ச் குளிர்." அதற்கடுத்து "ஹீட்டர் மேல் வைத்தேன். வரவில்லை." "புது மண். வரவில்லை." "ஈரம் அதிகமோ?" இப்படியே ஏழு வரை. எட்டாவது கவர் மட்டும் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது, அதன் மேல் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "வாசனைன்னு மட்டும் எழுதியிருக்காரும்மா. இன்னா வாசனை அது?" என்று கேட்டாய். அப்போதுதான் எனக்குக் குக்கர் விசில் கேட்டது.

அந்த வாசனை என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன், நாம் அந்த ஊரை விட்டு ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதை வேறு.

உனக்குத் தெரிந்த கதை ஊருக்கே தெரிந்த கதை. உன் அப்பா சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்ததால் குடும்பத்துக்கே அந்தக் குடியுரிமை. கல்யாணமாகி, நீ பிறந்து, உனக்கு மூன்று வயதானபோது நம் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டார். பதினோரு மாசம் இருந்தேன். காய்கறி பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை, உடம்பு இளைத்தது, உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். உன் அத்தை இருபது வருஷமாக எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. "எத்தினியோ பொம்பளைங்க புருசன் குடிக்கிறான்னு வருவாங்க, அடிக்கிறான்னு வருவாங்க. கத்திரிக்கா சரியில்லன்னு பாரிச வுட்டு வந்தவ எந்தம்பி பொண்டாட்டி ஒருத்திதான்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே போனதில் அது உண்மையாகவே ஆகிவிட்டது.

அதில் பாதி உண்மைதான். நான் போய் இறங்கியது நவம்பர் மாசம். அந்த மாசத்தில் அந்த ஊரில் எதுவும் விளையாது. கடையில் இருந்த தக்காளி வேறு நாட்டுக் கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்து, லாரியில் பழுத்து வந்தது. உருண்டையாக, ஒன்றுபோல ஒன்று, அறுத்தால் உள்ளே வெளிறிப்போய், தண்ணீராக. நம் ஊர் நாட்டுத் தக்காளியில் இருக்கிற புளிப்பு அதில் இல்லை, நாலு போட்டாலும் ரசம் ரசமாகவில்லை. கத்தரிக்காய் ஒன்றே அரைக் கிலோ இருக்கும். கறுப்பாகப் பளபளக்கும், தோல் தடிப்பு, உள்ளே பஞ்சு, எண்ணெயை எவ்வளவு விட்டாலும் குடித்துவிடும். நம் முள்ளுக்கத்தரியை நாலாகக் கீறிப் போட்டால் காம்போடு நிற்குமே, அப்படி அது நிற்காது, கரைந்து கூழாகும். வாழைப்பழத்துக்கு மணம் கிடையாது. ஒரே ஒரு ஜாதி, அதுவும் பச்சையில் வெட்டிக் கப்பலில் வந்தது. மாம்பழம் கல் மாதிரி இருந்து, இரண்டு நாளில் சுருங்கிப்போகும், நடுவில் பழுக்கிற நாளே கிடையாது. சாம்பார் வெங்காயம் கிடைக்காது. முருங்கைக்காய் உறைந்துபோய்ப் பாக்கெட்டில் வரும். இதெல்லாம் நான் சொன்னது, இதெல்லாம் நிஜம்.

சொல்லாதது இன்னொரு பாதி. அங்கே உருளைக்கிழங்கில் ஏழெட்டு ஜாதி வைத்திருந்தார்கள், வேகவைக்க ஒன்று, பொரிக்க ஒன்று, மசிக்க ஒன்று. நம் ஊரில் எல்லாமே ஒரே கிழங்கு. கேரட் பச்சையாகவே தித்தித்தது. மே மாசம் வந்த பட்டாணியை நீ தோலோடு தின்றாய். ஜூனில் செர்ரிப் பழம். ஆப்பிள் நாம் இங்கே தின்கிற மெழுகு தடவிய ஆப்பிள் இல்லை, கடித்தால் முகத்தில் சாறு தெறிக்கும். குளிர் காலம் முழுக்க இலை உதிர்த்துத் தூங்கினால்தான் அந்த மரம் பூக்கும் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். அதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். தாவரவியல் படித்தவளுக்கு அந்த ஊர் திறந்து வைத்த புத்தகம். நான்தான் மூடிவைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். நம் ஊர்ப் பெரிய மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிற பெண்ணை நீ பார்த்திருக்க மாட்டாய். படக்கென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். கடைக்காரம்மா, "எம்மா, நீ ஒடச்சிப் போட்டதையெல்லாம் நான் யாரு தலையில கட்டறது?" என்று கேட்டுக்கொண்டே எடை போடுவாள். அது சண்டை இல்லை, வியாபாரத்தில் அதுவும் ஒரு பேச்சு. அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஆப்பிரிக்காக்காரர் ஒருவர் கடையில், வந்து ஆறு மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக வெண்டைக்காயைப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை தானாகப் போனது. ஏழெட்டு நுனியை ஒடித்திருப்பேன். அவர் என் கையிலிருந்ததைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுக் கத்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். உன் அப்பா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சிரித்து, பிரெஞ்சில், மன்னித்துக்கொள்ளுங்கள், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்றார். என்னுடைய பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்கு அது புரிந்துவிட்டது.

உன் அப்பா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு சண்டையை முடிக்கச் சொன்ன வார்த்தை. ஒடித்ததையெல்லாம் காசு கொடுத்து வாங்கி, வழியெல்லாம் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்து நான் பொரித்து வைத்தேன், நல்லா இருக்கு என்று இரண்டு தடவை போட்டுக்கொண்டார். நான் அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தேன். கல்லூரியில் முதல் மாணவியாக வந்தவள், ஒரு செடியைப் பார்த்தால் குடும்பம், பேரினம் சொல்கிறவள், அங்கே ஒன்றும் தெரியாதவள். மாவு வாங்க ஆள் துணை வேண்டும், டாக்டரிடம் வலியைச் சொல்லப் புருஷன் வேண்டும். உழவர்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை தயாராக இருந்தது, வருகிறாயா என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்த ஊரில் இருக்க விருப்பமில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை ஒரே வாக்கியமாக உன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் வருத்தப்பட்டிருப்பார், கோபப்பட்டிருப்பார், ஒருவேளை இங்கே வந்திருப்பார், ஒருவேளை நாம் பிரிந்திருப்போம். எதுவாக இருந்தாலும் நிஜத்தின் மேல் நடந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. புருஷன் நல்லவன், ஊர் நல்ல ஊர், எனக்கு விருப்பமில்லை என்று சொல்கிற பெண்ணை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். சாப்பிடாமல் இருந்தேன். உடம்பும் எனக்குத் தோதாக இளைத்துக் கொடுத்தது.

நாம் வந்த அடுத்த வருஷம் அவர் அந்தத் தோட்டத்தை எடுத்தார். உனக்கு ஆறு வயதானபோது முள்ளுக்கத்தரி விதை கேட்டார். நம் மொட்டை மாடித் தொட்டியில் இருந்த செடியிலிருந்து ஒரு காயை மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையெடுத்து, நிழலில் உலர்த்தி, அத்தை கொண்டுபோகிற மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் ஒரு சின்னக் கவரில் வைத்து அனுப்பினேன். நல்ல விதை. நானும் ஆசையாகத்தான் அனுப்பினேன், அதை நீ நம்ப வேண்டும். பக்கத்துப் பாத்திக்காரர், போர்ச்சுகலிலிருந்து வந்த பெரியவர், அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிப்ரவரியில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதைக்க வேண்டும், மே மாச நடுவில் மூன்று புனிதர்களின் திருநாள் அடுத்தடுத்து வரும், அது கழிகிற வரைக்கும் நாற்றை வெளியே வைத்தால் ஒரே இரவுப் பனியில் கருகிவிடும். இங்கே வருஷம் முழுக்கத் தன்பாட்டுக்குக் காய்க்கிற செடி, அங்கே ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் ஓடி ஓடி வாழ்ந்து முடிக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு நாள், நான் வகுப்பு முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"காய்ச்சிடுச்சி. ரெண்டு காய். அப்படியே நம்மூர்க் காய், முள்ளு குத்துது. இனிமே உனுக்கு சாக்கு கெடையாது. புள்ளையக் கூட்டிக்கினு கெளம்பி வா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடுவில் இருக்கிறது, பார்க்கலாம் என்றேன். அந்த இரண்டு காயையும் விதைக்கு விடாமல் பிஞ்சிலேயே பறித்துச் சமைத்துவிட்டார், அது பழுப்பதற்குள் குளிர் வந்துவிடும் என்று. அடுத்த வருஷமும் விதைக்கு என்னிடம்தான் வர வேண்டும்.

என் வகுப்பில் வருஷா வருஷம் ஒரு சோதனை செய்து காட்டுவேன். இரண்டு பிளாஸ்க். ஒன்றில் முளைவிட்ட பயறு, இன்னொன்றில் வேகவைத்த பயறு. இரண்டிலும் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தால், உயிருள்ள விதை மூச்சு விடுகிற சூட்டில் பாதரசம் ஏறும், வெந்த விதையில் அப்படியே நிற்கும். அந்த டிசம்பரில் அந்தப் பாடம் எடுத்துவிட்டு வந்த சாயங்காலம் நான் வெறும் சட்டியைச் சின்னத் தீயில் வைத்தேன். கத்தரி விதையைப் போட்டு, கை சுடுகிற வரைக்கும் விரலால், அப்புறம் கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தேன். நிறம் மாறாமல் இறக்கினேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. நீ கூடத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாய். ஆற வைத்துக் கவரில் போட்டு, அதன் மேல் அவர் பெயரை எழுதி, அத்தையிடம் கொடுத்தேன். "பாத்து எடுத்துட்டுப் போங்க அண்ணி, அவரு ஆசையா கேட்டாரு" என்றுகூடச் சொன்னேன்.

ஏழு வருஷம் அப்படிச் செய்தேன், தம்பி. ஒரு தடவை செய்ததைக் கோபம் என்று சொல்லலாம். ஏழு தடவைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. இடையில் ஒரு நாள், உனக்கு எட்டு வயது, தட்டிலிருந்த கத்தரிக்காயையெல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கினாய். சாப்பிடு என்று அதட்டினேன். "இது அங்க மொளச்சிருந்தா நாம அப்பாகூட இருந்திருக்கலாம் இல்லமா?" என்றாய். அழவில்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாய். அன்றிலிருந்து இன்றுவரை நீ கத்தரிக்காய் தொட்டதில்லை. அதற்கப்புறமாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வருஷமும் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

எட்டாவது கவர் அனுப்பிய வருஷம் எனக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை. சட்டியை வைத்துவிட்டு நாலு தாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வந்து பார்த்தபோது விதை லேசாகச் சிவந்திருந்தது. அதிகம் சிவந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைக் கவரில் கட்டினேன். எள் வறுத்த மாதிரி ஒரு மணம் அதில் ஏறியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் போய்விடும் என்று நினைத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் போகிறதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் கவரைப் பிரித்து முகர்ந்து பார்த்திருக்கிறார். ஊர் மணம் கிடைக்கிறதா என்று பார்த்திருப்பார். நீ கேட்ட வாசனை அதுதான்.

அதற்கடுத்து அவர் விதை கேட்கவே இல்லை. அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தேன். மறு வருஷம் ஜனவரியில் வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு அந்தச் சிவப்பு சைக்கிள் வாங்கிக் கொடுத்த வருஷம். என்னோடு பெரிய மார்க்கெட்டுக்கு வந்தார். கத்தரிக்காய்க் குவியல் முன்னால் நின்று, ஒரு முள்ளுக்கத்தரியை எடுத்து, மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "நல்லா இருக்கு. வாங்கிக்கோ" என்றார். அப்புறம் வெண்டைக்காய்க் கடையில் அவரே குனிந்து, நுனியை ஒடித்து ஒடித்து, இளசாகப் பார்த்து என் கூடையில் போட்டார். வயசாகிறது, சாந்தமாகிவிட்டார் என்று நினைத்தேன். போன வாரம்தான் எனக்குப் புரிந்தது, அன்றைக்கு அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் வாரா வாரம் போன் பேசினார். உன் படிப்பு, என் முட்டிவலி, அங்கே மழை, இங்கே வெயில். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கவரைத் தூக்கிப் போடவும் இல்லை.

போன அக்டோபரில் அவர் போனபோது, விசா கிடைக்க நாளாகும், நீ மட்டும் போய்விட்டு வா என்றேன். நான் விசாவுக்கு எழுதிப் போடவே இல்லை. அதுவும் ஒரு கத்தரிக்காய்தான்.

இப்போது உனக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் வேறு யார் சொல்வார்கள்? உனக்கு நாளைக்கு ஒருத்தி வருவாள். அவளோடு ஒரு ஊரில் இருக்க உனக்கு விருப்பமில்லை என்றால், விருப்பமில்லை என்று அவளிடம் சொல். குளிர், வேலை, சாப்பாடு என்று எதன் மேலும் தூக்கிப் போடாதே. போட்டால், உன்மேல் அன்பு இருக்கிறவள் அந்தக் காரணத்தைச் சரிசெய்ய ஆரம்பிப்பாள். உன் அப்பா அதைத்தான் செய்தார். இல்லாத வியாதிக்கு நாலு பாத்தியில் மருந்து வளர்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு இடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், அவளுக்குத் தெரியாது என்று மூன்றாம் மனிதரிடம் சொல்லாதே. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று பார்க்கிறாய் அல்லவா.

நிலத்தைப் பற்றி. இந்தக் கவருக்குள் விதை இல்லை. தபாலில் விதை அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அதனால் அல்ல. என் விதையை நம்பி அந்த நிலத்தில் நீயும் காத்திருக்க வேண்டாம் என்பதால் அனுப்பவில்லை. உனக்கு அங்கே குனிந்து மண்ணைக் கிளற மனசு இருந்தால் வைத்துக்கொள். போர்ச்சுகல் பெரியவர் நாற்று கொடுப்பார், அந்த மண்ணில் வருகிற தக்காளியையும் பீன்ஸையும் கிழங்கையும் போடு. மனசு இல்லையென்றால் திருப்பிக் கொடு. அப்பாவுக்காக என்று சொல்லாதே, எனக்காக என்றும் சொல்லாதே. விசாவுக்கு நேற்று எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் மே மாசம், மூன்று புனிதர்களின் நாள் கழிந்து வருவேன், அவர் கல்லறையைப் பார்க்க. இதைப் படித்த பிறகு நான் உன் வீட்டில் தங்குவதில் உனக்கு விருப்பமில்லை என்றால், நேராகவே சொல், விருப்பமில்லை என்று. நான் வேறு காரணம் கேட்க மாட்டேன்.

இன்னொன்று மீதி இருக்கிறது. நாம் கிளம்புவதற்கு முந்தின மாசம், ஆகஸ்டில், உன் அப்பா கூட வேலை செய்கிறவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு தக்காளி கொண்டுவந்தார். உள்ளங்கை கொள்ளாத அளவு, மடிப்பு மடிப்பாக, கோணலாக. அந்த ஊரில் கோடையில் பகல் பதினாறு மணி நேரம் நீள்கிறது, இரவு குளிர்ந்துவிடுகிறது. பகலெல்லாம் செடி சேர்த்த சர்க்கரையை இரவு வெக்கை தின்னாது, அதனால் அது பழத்திலேயே தங்குகிறது. வட்டமாக அறுத்து, உப்பு தூவி, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படி இருக்கு என்றார். சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தக்காளி நான் தின்றதில்லை. சப்புனு இருக்கு என்று சொன்னேன்.

போன் வைத்த அன்று சாயங்காலம், மாடித் தொட்டிச் செடியின் விதையை எடுத்தேன். அவருக்கு முதல் தடவை அனுப்பியது இந்தச் செடியின் வழிதான். வருஷா வருஷம் அதிலிருந்தே விதையெடுத்து அதையே போடுகிறேன். எனக்கு வைத்துக்கொள்கிறதை நான் ஒருநாளும் வறுத்ததில்லை. எண்ணிப் பத்து விதையை ஈரப் பஞ்சில் வைத்து, கிண்ணத்தை மூடி, அடுப்புத் திண்டில் வைத்தேன். இந்த ஊரில் வைத்தால் முளைக்கும் என்று எனக்குத் தெரியும், எதற்காக வைத்தேன் என்று தெரியவில்லை. இன்று காலையில் திறந்து பார்த்தேன். ஒன்பது முளைத்திருக்கின்றன.

அம்மா